மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை

மந்தாரக்குப்பம்,
12 ஜூன் 2024

அன்புள்ள தமயந்திக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். பொங்கலுக்கு நீ எழுதியதற்குப் பதில் போடாத பாவி, ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். அதுவும் சண்டை போட. போனில் பேசலாமே என்பாய். டியூட்டியில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவாய், டியூட்டி முடிந்தால் தூங்கிவிடுவாய். அது கிடக்கட்டும், உன் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன். எழுதினால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

மலர்கொடி என்று ஒருத்தி. முப்பத்தொன்பது வயது. நெய்வேலி நகரியத்தில் இருபத்தோராவது பிளாக்கில் கான்ட்ராக்டில் தெருக் கூட்டுகிறாள். கணவர் விஜயராஜுக்கும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைதான். எட்டு வருடத்துக்கு முன் அவள் இதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. மாதம் ஒரு முறை என் கிளினிக்குக்கு வருவாள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பரிசோதித்துவிட்டு மாத்திரையில் கால் கூட்டுவேன், கால் குறைப்பேன். இரண்டு நாள் கூடுதலாகக் கீரை தின்றாலே ஆட்டம் காணுகிற விஷயம் அது. எட்டு வருடத்தில் ஒரு மாதம்கூட அவள் தவறியதில்லை. நான்தான் வெளியூர் போய்த் தவறியிருக்கிறேன்.

மே மாதக் கடைசியில் மேல்பட்டாம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போனவளுக்குக் காய்ச்சலும் சீதபேதியும் கண்டிருக்கிறது. கடலூருக்கு, உங்கள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு நாள் வைத்திருந்து, குளுக்கோஸ் ஏற்றி, சீதபேதிக்கு ஏழு நாள் மாத்திரை கொடுத்து, 31-ஆம் தேதி மதியம் அனுப்பிவிட்டீர்கள். அந்த மாத்திரையும் இவள் எப்போதும் சாப்பிடுகிற மாத்திரையும் ஒன்றாக உள்ளே போனால் ரத்தம் தண்ணீராகிவிடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்து தவறு என்று சொல்ல வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பேன். ஆனால் மூன்றாம் நாள் ரத்தம் பார்த்திருப்பேன்.

ஐந்தாம் தேதி பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம். ஆறாம் தேதி காலை தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனவள், கூட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்துவிட்டாள். மூளையில் ரத்தக்கசிவு. புதுச்சேரியில் தலையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஆறாவது நாள், இன்னும் கண் திறக்கவில்லை.

விஜயராஜ் நேற்று உங்கள் ஃபைலைக் கொண்டுவந்து காட்டினார். மூன்றாவது பக்கத்தின் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: மூன்று நாளில் ரத்தம் உறையும் நேரம் பார்க்கவும், குடும்ப மருத்துவரைக் காணவும். கீழே உன் கையெழுத்து.

அந்தக் குடும்ப மருத்துவர் நான்தான், தமயந்தி. எனக்கு யார் சொன்னார்கள்? அவளுக்கு யார் சொன்னார்கள்?

பதில் எழுது. கை ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன். வருகிற ஒவ்வொருவரிடமும், போன மாதம் எங்காவது அட்மிட் ஆனாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சளிக்கு வந்தவனையும் விடவில்லை.

உன்,
உமா


கடலூர்,
19 ஜூன் 2024

அன்பு உமாவுக்கு,

உன் கடிதத்தை ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டு படித்தேன். வேறு எங்கும் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது.

மலர்கொடியை ஞாபகமிருக்கிறது. நெஞ்சில் நீளத் தழும்பு. ஸ்டெதஸ்கோப் வைத்தால் வால்வு கடிகாரம்போல் டிக் டிக்கென்றது. உங்க டாக்டர் யாரு என்று கேட்டேன். "மந்தாரக்குப்பத்துல உமாம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. உமாவிடம் பார்க்கிறவள், பயமில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்று காலை ஒன்பதரைக்கு ஒரு தனியார் பஸ் மினி லாரியில் மோதி இருபத்திரண்டு பேர் வந்தார்கள். கட்டில் போதாமல் ஸ்ட்ரெச்சரிலும் தரையிலும் பார்த்தோம். நலமாக இருக்கிறவர்களைச் சீக்கிரம் அனுப்பு என்று மேலிருந்து சத்தம். ஜெயகணேஷ் என்று ஒரு பையன், டாக்டராகி இங்கே சேர்ந்து இரண்டாவது மாதம், அவன்தான் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதினான். மூன்று நாளில் ரத்தம் பார்க்க வேண்டும் என்ற வரியைச் சேர்க்கச் சொன்னது நான். சேர்த்ததும் கையெழுத்துப் போட்டேன். உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிடும்படி சிஸ்டர் கமலாவிடம் சொன்னேன். ரிஜிஸ்டரைப் பார்த்தேன். 11.10, 11.25, 12.05. மூன்று முறையும் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாள்.

நாங்கள் எழுதினோம், உமா. கூப்பிட்டோம். இன்னும் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீயே சொல்.

நீயும் கொஞ்சம் கேட்டுக்கொள். ஏப்ரலில் மூச்சிரைப்போடு ஒரு பெரியவரை அனுப்பினாய். கையில் உன் சீட்டு. 'தேவையானதைச் செய்யவும்.' அவ்வளவுதான். என்ன வியாதி, என்ன மாத்திரை என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் கொண்டுவந்த பையைத் தரையில் கொட்டி, எல்லா அட்டையையும் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்தோம். அப்போது நான் உனக்குக் கடிதம் எழுதவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், எழுதியதை அடித்துவிடவும் மனமில்லை. மலர்கொடி கண் திறந்தாளா? அதை மட்டும் சொல்.

தமயந்தி


மந்தாரக்குப்பம்,
22 ஜூன் 2024

தமயந்திக்கு,

இன்னும் திறக்கவில்லை.

மே 31 காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை கிளினிக்கை விட்டு நான் நகரவில்லை. அன்று நாற்பத்தேழு டோக்கன். போன் என் அறை வாசலில், டோக்கன் கொடுக்கிற சந்திராவின் மேசையில் இருந்தது. உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. வந்திருந்தால் சந்திரா சொல்லியிருப்பாள், பத்து வருடமாக இருக்கிறவள்.

ரிஜிஸ்டரில் நேரம் எழுதுவது சுலபம். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, பார்க்காத பிரஷரை நீயும் நானும் சேர்ந்து எத்தனை கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறோம். 120, 80. உனக்கு மறந்திருக்காது.

உங்கள் சிஸ்டரைக் காப்பாற்று, அந்தப் பையனைக் காப்பாற்று. என்னை அதில் இழுக்காதே.

உமாராணி


மந்தாரக்குப்பம்,
17 ஜூலை 2024

அன்புள்ள தமயந்திக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டிய கடிதமா அது?

முதலில் நல்ல செய்தி. மலர்கொடி ஜூன் 26-ஆம் தேதி கண் திறந்தாள். போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டாள். வலது கை தூக்க முடியவில்லை, காலை இழுத்து நடக்கிறாள். பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது, அதுவும் தேடித் தேடி. ஆளைத் தெரிகிறது. நான் போனபோது என்னைப் பார்த்து "மாத்திர" என்றாள். நான் அவளுக்கு அந்தச் சொல்லாகத்தான் இருக்கிறேன்போல.

அவர்கள் வளையமாதேவிப் பக்கத்துக்காரர்கள். நிலம் சுரங்கத்துக்குப் போனபின் இங்கே ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். விஜயராஜ் ஷிப்டை மாற்றிக்கொண்டு பகலெல்லாம் அவளோடு இருக்கிறார். அவருக்கு யாரோ வக்கீலைக் காட்டியிருக்கிறார்கள். என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, உள்ளே கேட்காமல் பேசினார்.

"இடிஞ்சி போயி உக்காந்துகினு இருக்கேம்மா. நீங்க ஒரே ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அந்த ஆஸ்பத்திரில உங்களுக்கு ஒண்ணுமே சொல்லலன்னு. அது போதும்ன்றாரு வக்கீலு."

நாளைக்குத் தருகிறேன் என்றேன். எழுத எனக்கு ஆசையாகவே இருந்தது, தமயந்தி. மறைக்க மாட்டேன். உன் பெயரைப் போட்டு எழுத வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டே ஸ்கூட்டியை ஓட்டிவந்தேன்.

மதியம் கிளினிக்கில் பேப்பரை எடுத்து வைத்தேன். கோர்ட்டுக்குப் போகிற கடிதம், ஒரு முறை சரிபார்த்துவிட்டு எழுதலாம் என்று கிளினிக் போனைக் கேட்டேன். எதுக்கும்மா என்றாள் சந்திரா. கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து மே 31-ஆம் தேதி போன் வரவில்லை என்று எழுதப் போகிறேன் என்றேன். அவள் போனைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்த நம்பர நீங்கதானம்மா பிளாக் பண்ணச் சொன்னீங்க."

சொன்னேன். மார்ச்சில் சொன்னேன். உங்கள் ஆஸ்பத்திரியின் விளம்பரப் பிரிவிலிருந்து தினமும் போன் வரும். முழு உடல் பரிசோதனைக்கு ஆள் அனுப்புங்கள், சலுகை இருக்கிறது என்று, நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அந்தச் சனியனை முதலில் பிளாக் பண்ணு என்று கத்தினேன். நான் கத்தினேன், அவள் செய்தாள். விளம்பரத்துக்கும் அவசரப் பிரிவுக்கும் வெளியே போவது ஒரே எண் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

பிளாக் செய்த அழைப்புகள் போனில் தனியாகக் கிடக்கின்றன. மே 31: 11.10, 11.25, 12.05. நீ எழுதியிருந்த அதே நேரம். அந்த மூன்று வரியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, வெளியே டோக்கன்காரர்கள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்தேன். என்ன எழுதிக் கொடுத்தேன் என்று தெரியாததால் சாயங்காலம் எல்லாச் சீட்டையும் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் தவறவில்லை.

என்னை இழுக்காதே என்று சொன்ன வாயால் இதைச் சொல்கிறேன். உன் சிஸ்டர் கமலாவிடம் என் பெயரால் மன்னிப்புக் கேள். உன்னிடம் நான் கேட்கவில்லை, எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை விஜயராஜிடம் போய்ச் சொன்னேன். போனைக் காட்டினேன். அந்த வக்கீலிடமும் இதையே சொல்வேன், எங்கே கேட்டாலும் சொல்வேன் என்றேன். வீட்டில் இவர், அசோக், அவசரப்படாதே, யோசித்துச் செய் என்று சொல்லியிருந்தார். யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

விஜயராஜ் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே படுத்திருந்தவளைப் பார்த்தார்.

"ஒருத்தர் எழுதனீங்க, ஒருத்தர் கையெழுத்து போட்டீங்க, ஒருத்தர் போன் பண்ணாங்க, நீங்க எடுக்கல. நாலு பேரும் படிச்சவங்க. மூணாம் நாளு ரத்தம் பாக்கணும்னு ஒருத்தராவது அவகிட்ட வாய் தொறந்து சொன்னீங்களா? சொல்லியிருந்தா அவ நடந்தாவது வந்திருப்பா, உங்ககிட்ட."

இனிமேல் பாளையம் ரோட்டில் இருக்கும் வேறொரு டாக்டரிடம் காட்டிக்கொள்கிறோம் என்றார். சரி என்றேன். எட்டு வருடத்து ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் மாதவாரியாக எழுதி, எந்த மருந்துக்கு அவள் உடம்பு எப்படி மாறும் என்பதையும் எழுதி, அந்த டாக்டருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு பக்கம் வந்தது. இதில் ஒரு பக்கத்தை எட்டு வருடத்துக்கு முன்பே எழுதி அவள் பையில் போட்டிருந்தால் என்ன என்று வழியெல்லாம் மனசு அரித்துக்கொண்டே வந்தது.

ஏப்ரலில் அனுப்பிய பெரியவரைப் பற்றி நீ எழுதியதும் சரிதான்.

பதில் எழுத வேண்டும் என்றில்லை.

உமா


கடலூர்,
5 ஆகஸ்ட் 2024

அன்பு உமா,

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொண்டுவந்திருப்பவர் கண்ணையன். அறுபத்தெட்டு வயது, சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் மகள் பொன்னம்மாள் வீட்டில் இருக்கிறார். நேற்று முன்தினம் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குக் கடலூர் வந்த இடத்தில், சர்க்கரை 38-க்கு இறங்கி மயக்கமாகிவிட்டார். சிறுநீரகம் மந்தமாகியிருக்கிறது, கிரியேட்டினின் 2.4. அதனால் சர்க்கரை மாத்திரை உடம்பிலேயே தங்கிவிடுகிறது. காலை மாத்திரையை நிறுத்தியிருக்கிறேன். வியாழக்கிழமை நீ சர்க்கரையும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். வீட்டில் அந்த மாத்திரை அட்டை மிச்சம் இருக்கும், பிடுங்கி வை. நல்ல மாத்திரை டாக்டர், பத்து வருஷமா ஒத்துக்கிச்சு என்று என்னிடமே வாதாடினார். இதையெல்லாம் அவரிடமும் பொன்னம்மாளிடமும் தமிழில் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது முறை கேட்டதும் கோபித்துக்கொண்டார்.

அடுத்த பக்கம் உனக்கு மட்டும்.

பதில் எழுதாததற்குக் காரணம், அந்த 120, 80. அது உண்மை என்பதால் சுட்டது. உன் கடிதம் வந்த அன்று, எல்லாரும் இருக்கும்போது கமலாவைக் கூப்பிட்டு, நிஜமாகவே போன் செய்தாயா என்று கேட்டுவிட்டேன். அவள் அழுதாள். உன் ஜூலைக் கடிதம் வந்ததும் அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். உன் பெயராலும் கேட்டேன். சரி மேடம் என்று சொல்லிவிட்டு ஊசி போடப் போய்விட்டாள். அவள் இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

இங்கே விசாரணை நடந்தது. சேர்ந்து இரண்டே மாதமான பையன் ஜெயகணேஷ், எழுதியவன் அவன்தானே என்று முடித்துவிடப் பார்த்தார்கள். நோயாளியின் டாக்டர் தரப்பிலிருந்து ஏதாவது கடிதம் இருக்கிறதா, நமக்கு உதவுமே என்று ஆஸ்பத்திரி வக்கீல் என்னைக் கேட்டார். உன் கடிதம் அப்போது என் கைப்பையில் இருந்தது. அவர் எதிரே உட்கார்ந்து, பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, என் சினேகிதிக்கும் எனக்கும் சொந்த விஷயமாகக் கடிதம் உண்டு, அதைத் தர மாட்டேன் என்றேன். சொல்ல வேண்டியவரிடம் நீயே நேரில் போய்ச் சொல்லிவிட்டாய். அதை எங்கள் ஆஸ்பத்திரி எடுத்துக் கவசமாகப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

விஜயராஜ் சொன்னதைத்தான் விசாரணையில் நான் சொன்னேன். மலர்கொடியின் கட்டிலருகே மூன்று நிமிடம் நின்றேன். அதில் உன்னைப் பற்றி விசாரித்தேன், சிரித்தேன். பிறகு பையனிடம் சொன்னேன், சிஸ்டரிடம் சொன்னேன், பேப்பரில் போட்டேன். கட்டிலில் உட்கார்ந்து முடியைப் பின்னிக்கொண்டிருந்தவளிடம் சொல்லவில்லை. அவள் எழுதப் படிக்கத் தெரியாதவளா என்றுகூடக் கேட்கவில்லை. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விஜயராஜுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். வழக்குப் போட்டால் போடட்டும்.

பிரிவுத் தலைவர் பதவியை எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து சாதாரண டியூட்டி டாக்டர். நாற்காலி போனதில் வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஐம்பத்தாறு வயதில் வருத்தமாகத்தான் இருக்கிறது. விளம்பரத்துக்கு வேறு எண் வையுங்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்கிறார்கள். அவர்கள் பார்க்கிறவரை டிஸ்சார்ஜ் ஆகிற ஒவ்வொருவர் பேப்பரிலும் என் சொந்த எண்ணை எழுதுகிறேன். லாக்கரில் வைப்பதில்லை, கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன். சத்தமும் நிறுத்துவதில்லை. இது எத்தனை நாளைக்கு நடக்கும் என்று தெரியவில்லை. நேற்று ஒருத்தருக்குத் தையல் போடும்போது ஆறு முறை அடித்தது.

உன் மேல் கோபம் முழுக்கப் போகவில்லை, உமா. அந்த 120, 80 கடிதத்தைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் இவரை வேறு யாரிடமும் அனுப்ப மனம் வரவில்லை.

உன்,
தமயந்தி


மந்தாரக்குப்பம்,
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தமி,

கண்ணையன் நேற்று, வியாழக்கிழமை, சொன்னபடி காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார், சந்திரா கதவு திறப்பதற்குள். வெறும் வயிற்றில் சர்க்கரை 164. கிரியேட்டினின் 2.1, இறங்குகிறது. அட்டையைப் பொன்னம்மாள் என்னிடம் கொடுத்தாள். இன்னொரு அட்டை சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது, கூடவே வீட்டுக்குப் போய் அதையும் வாங்கிக்கொண்டேன். அடுத்த வியாழன் மறுபடி பார்க்கிறேன், பார்த்ததும் கூப்பிடுகிறேன். உன் எண் கிளினிக் போன், என் போன், சந்திராவின் போன் மூன்றிலும் உன் பெயரோடு இருக்கிறது.

நேற்று சாயங்காலம் மெயின் பஜார் பஸ் நிறுத்தத்தில் மலர்கொடியைப் பார்த்தேன். விஜயராஜ் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்துவிட்டு ரோட்டின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்கூட்டியை நிறுத்துவதா, போய்விடுவதா என்று தெரியாமல் காலை ஊன்றி நின்றேன். நடுவில் சாம்பல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் இடது கையை மேலே தூக்கினாள். என்னைக் கூப்பிட்டாளா, வந்துகொண்டிருந்த பஸ்ஸை நிறுத்தினாளா, இதுவரை எனக்குப் புரியவில்லை. பஸ் நின்றது. விஜயராஜ் அவளைப் பின்னாலிருந்து தாங்கிப் படியேற்றினார். அது புறப்பட்டுப் போகிறவரை நானும் கையைத் தூக்கியபடி நின்றேன்.

உன்,
உமா